மிஸ்டர் பீன் ஏன் பேசுவதில்லை? ரோவன் அட்கின்சன் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: மிஸ்டர் பீனாக நடித்தவர் நிஜமாகவே இன்ஜினியரா, இல்லை அதுவும் வாட்ஸ்அப் கதையா?

நிஜம்தான். ரோவன் அட்கின்சன் 1955-ல் இங்கிலாந்தின் கான்செட் என்ற ஊரில், ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். நியூகாசிலில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்து, 1975-ல் மேற்படிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டு போனார். போன இடத்தில் நாடகப் பைத்தியம் முற்றிவிட்டது. பின்னாளில் பீனை எழுதியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் கர்ட்டிஸும், இசையமைத்த ஹோவர்ட் குடாலும் அங்கே கிடைத்த நண்பர்கள்தான்.

கேள்வி: அவருக்குத் திக்குவாய், அதனால்தான் பேசாத பாத்திரம் என்கிறார்களே சார்?

திக்கல் உண்மை. மற்றது கட்டுக்கதை. வேறொரு ஆளாக நடிக்கும்போது திக்கல் பெரும்பாலும் விலகிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1983-ல் பிபிசியில் தொடங்கிய 'பிளாக்ஆடர்' தொடரைப் பாருங்கள்; வாயைத் திறந்தால் கத்திவீச்சு! அதில் 'பாப்' என்ற பெயரை அவர் வெடி வெடிப்பது போல உச்சரிப்பார். அதற்கென்றே தனி ரசிகர்கள் உண்டு.

பேசாத பீன் யோசித்துச் செய்த வேலை. 1987-ல் கனடாவின் மான்ட்ரியல் நகைச்சுவை விழாவில் ஆங்கில நிகழ்ச்சி இருக்க, தன்னைப் பிரெஞ்சு நிகழ்ச்சியில் போடச் சொன்னார். விழாக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் மொழி தெரியாத கூட்டத்திடம் இந்தப் பீன் எடுபடுவானா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே விடுவது, இன்ஜினியர் புத்தி!

கேள்வி: மொத்தம் எத்தனை எபிசோட்?

1990 ஜனவரி 1 முதல் 1995 வரை வெறும் 15. நம்பக் கஷ்டமாக இருக்கும், மறு ஒளிபரப்பில் அத்தனை முறை பார்த்திருக்கிறோம். கார்ட்டூன் தனிக் கணக்கு.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த காட்சி எது?

முதல் எபிசோடில் வரும் சர்ச் காட்சி. பாட்டுப் புத்தகம் பக்கத்து ஆளிடம் இருக்கிறது, அவர் காட்ட மாட்டேன் என்கிறார். பீன் சும்மா முனகிக்கொண்டே நிற்கிறார். 'அல்லேலூயா' மட்டும் தெரியும். அது வந்ததும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி பாடுகிறார். அடுத்த வரியில் மறுபடி முனகல். எனக்கு அந்தக் கத்தலைவிட, அடுத்த அல்லேலூயா எப்போது வரும் என்று காத்திருக்கும் முகம்தான் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் கூட்டாகப் பாடும்போது நானும் இதைத்தான் செய்தேன்.

கேள்வி: அவர் இறந்துவிட்டதாக எனக்கு ஒரு செய்தி வந்தது...

அடிக்கடி கிளம்பும் புரளி அது. அழித்துவிடுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஓட்டுவதும் பீனுடைய அந்தப் பச்சை மினி கார்தானா?

இல்லை, மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகக் கார்! இரண்டு முறை மோதி, இரண்டு முறையும் சரிசெய்து, 2015-ல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். லாரி ஓட்டும் லைசென்ஸும் வைத்திருக்கிறார்.

கேள்வி: இவ்வளவு புகழ் இருந்தும் பீனை ஏன் நிறுத்தினார்?

ஐம்பது வயதைத் தாண்டியவர் குழந்தை மாதிரி நடந்துகொண்டால் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருக்கும் என்று 2012-ல் சொன்னார். ஆனால் அதற்குச் சில மாதம் முன்புதான், அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில், பெரிய இசைக்குழுவுக்கு நடுவே கீபோர்டின் ஒரே கட்டையை ஒரே விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குச் சிந்தக் காகிதம் எடுக்க எழுந்தவர், தாளம் விட்டுப்போகாமல் இருக்கக் குடைக் கம்பை நீட்டி அந்தக் கட்டையைத் தட்டினார்.