சர்க்கரை நோயில் கிட்னி கெடுவது அழற்சியால் என்றால், அழற்சி குறைக்கும் மாத்திரை போட்டால் போதாதா?

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். என் பெரியப்பா கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். இருபது வருடச் சர்க்கரை, பிரஷருக்கு லோசார்டன். மூட்டுவலி வந்ததும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் என்ற, அழற்சி குறைக்கும் வலி மாத்திரையை வாங்கித் தினம் இரண்டு வேளை விழுங்கினார். மூன்று மாதத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறினால் கிட்னி சரியில்லை என்று அர்த்தம்) 1.3 இருந்தது 2.1 ஆகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். அந்த ரிப்போர்ட்டை அடித்தது நான்தான்.

முழங்கால் அழற்சியும் சிறுநீரக அழற்சியும் பெயரில்தான் ஒன்று. முழங்காலில் வலியும் வீக்கமும் உண்டாக்குவது பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற ரசாயனங்கள். வலி மாத்திரை அவற்றைத்தான் நிறுத்துகிறது. சிறுநீரகத்திலோ, வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைத்திருப்பதே புரோஸ்டாகிளாண்டின்தான். லோசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. வலி மாத்திரை நுழையும் குழாயைச் சுருக்கிவிடுகிறது. அப்புறம் வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்?

சரி, கிட்னிக்குள் நடக்கும் அழற்சி எப்படிப்பட்டது? அது வலிக்காது, அதுதான் கஷ்டம். ரத்தத்தில் அதிகமான சர்க்கரை புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் பார்க்கும் ஹெச்பிஏ1சி டெஸ்டும் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. அந்த ஒட்டல் முற்றிப்போன புரதங்கள் சிறுநீரகச் செல்களில் என்எஃப்-கப்பா-பி என்ற சுவிட்சைத் தட்டிவிடுகின்றன. உடனே செல்கள் எம்சிபி-1 என்ற அழைப்புச் சமிக்ஞையை வெளியிடுகின்றன. ரத்தத்தில் போய்க்கொண்டிருந்த மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் அதைக் கேட்டு உள்ளே இறங்கி மேக்ரோஃபேஜ் ஆகின்றன.

மேக்ரோஃபேஜ் வில்லன் இல்லை. குப்பையை அள்ளிவிட்டுப் போவதுதான் அதன் வேலை. ஆனால் இங்கே சர்க்கரை இறங்குவதில்லை, குப்பை தீருவதில்லை, வந்த செல்களும் கிளம்புவதில்லை. தங்கிய இடத்தில் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. சல்லடையைப் பிடித்து நிற்கும் போடோசைட் செல்கள் இதில் அடிபடுகின்றன, ரத்தப் புரதமான ஆல்புமின் சிறுநீரில் ஒழுகுகிறது. ஒழுகிய ஆல்புமினை உறிஞ்சும் நுண்குழாய்ச் செல்களும் அந்தச் சுமையில் எம்சிபி-1 வெளியிட ஆரம்பிக்கின்றன. அதாவது, மறுபடியும் அழைப்பு. கடைசியில் டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் வந்து தழும்பு கட்டுகிறது. தழும்பு வடிகட்டாது.

எம்சிபி-1 மரபணு இல்லாத எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவைத்தாலும் சிறுநீரகச் சேதம் குறைவாகத்தான் இருந்தது. அதனால் அழற்சிக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. அது மட்டுமே காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வடிகட்டிக்குள் ஏறும் அழுத்தமும் சேர்ந்துதான் கெடுக்கிறது. அழற்சியை நேரடியாக அடக்கப் பார்த்த மருந்துகளும் மனிதர்களிடம் தடுமாறியிருக்கின்றன. பார்டாக்ஸோலோன் பெரிய சோதனை வரை போனது. இதயச் செயலிழப்பு அதிகமானதால் 2012இல் நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு பற்றிக் கேட்கவே வேண்டாம், சர்க்கரையை ஏற்றிவிடும்.

பலன் கொடுத்தவை வேறு. லோசார்டன் வகை பழசு, இன்னும் அடிப்படை அதுதான். 2019இல் வந்த கிரெடென்ஸ் ஆய்வில் கானாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சிறுநீரக, இதய ஆபத்தைச் சேர்த்து 30 சதவீதம் குறைத்தது. ஃபினெரினோன் மருந்து 2020 ஆய்வில் சிறுநீரகப் பாதிப்பை 18 சதவீதம் குறைத்தது. அழற்சியையும் தழும்பையும் தூண்டும் ஓர் ஏற்பியை மறிப்பது இது. பொட்டாசியம் ஏறலாம், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். இவற்றை டாக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் யூரின் டெஸ்ட் பற்றி ஒன்றுமே இல்லை. கிரியாட்டினின் நார்மல் என்று நிம்மதியாக இருப்பவர்களை லேபில் தினம் பார்க்கிறேன். யூரினில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் வருடம் ஒருமுறையாவது பாருங்கள். 30 mg/gக்கு மேல் வந்தால் இன்னொரு நாள் திரும்பவும் கொடுத்து உறுதிசெய்துகொண்டு டாக்டரிடம் போங்கள்.

பெரியப்பாவுக்கு வலி மாத்திரையை நிறுத்தியதும் 1.6 வரை இறங்கியது. 1.3 திரும்ப வரவில்லை. முழங்காலுக்கு இப்போது டாக்டர் சொன்ன பாராசிட்டமாலும் பிசியோதெரபியும்தான், தினமும் புலம்பலோடு.