என்னிடம் ஒரு பழைய பாரசீக நாணயம் இருக்கிறது. அரிதானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்த அரசர் வெளியிட்டவை அபூர்வம்?

"ரொம்ப ரேர் சார்" என்று யாரோ உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என நினைக்கிறேன். நானும் அப்படி வாங்கியவன்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

மஸ்கட்டில் வேலை பார்த்த காலம். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் மெல்லிசான, அகலமான வெள்ளிக் காசு ஒன்றைக் காட்டி, "போரான் ராணி. பாருங்கள், தாடி இல்லை" என்றார். இல்லைதான். அரபுகள் வருவதற்கு முன் பாரசீகத்தை ஆண்ட சாசானிய வம்சத்தில் 630இல் அரியணை ஏறிய பெண் போரான். அவர் காசு நிஜமாகவே அபூர்வம். அதுவரைக்கும் படித்து வைத்திருந்தேன். அந்த அரைகுறைப் படிப்புதான் கவிழ்த்தது. 90 ரியால் கொடுத்தேன். வீட்டில் 30 என்று சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து, அந்தக் காலத்துப் பாரசீக எழுத்தான பஹ்லவியைப் படிக்கத் தெரிந்த ஈரானிய நண்பரிடம் கொடுத்தேன். தலைப் பக்கத்தை அவர் சட்டையே செய்யவில்லை. பூப் பக்கம் திருப்பினார். அங்கே பூ இல்லை, நெருப்புப் பீடம். இருபுறமும் காவலுக்கு ஆள். இடது ஓரம் ஆட்சி ஆண்டு, வலது ஓரம் அடித்த ஊரின் குறி. "பஞ்ச்-ஸீ" என்று படித்தார். 35! போரான் காசில் 3க்கு மேல் ஆண்டே கிடையாது. பிறகு தலைப் பக்கம் முகத்துக்கு எதிரே இருந்த பெயரையும் படித்தார்: குஸ்ரோ. போரானின் அப்பா, இரண்டாம் குஸ்ரோ. தாடி தேய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

இந்த மனிதர் 38 வருடம் ஆண்டவர். 602 முதல் 628 வரை ரோமானியர்களோடு ஓயாத சண்டை. படைக்குக் கூலி கொடுக்க வேண்டாமா? வெள்ளியை அடித்துத் தள்ளினார். கடைசியில் பெற்ற மகனே அவரைக் கவிழ்த்துக் கொன்றான், சகோதரர்களையும் தீர்த்துக்கட்டினான். ஆண் வாரிசு அற்றுப்போனதால்தான் போரானுக்கு அரியணை வந்தது. ஈரானைப் பிடித்த அரபுகள்கூட குஸ்ரோ முகத்தை அப்படியே வைத்து, ஓரத்தில் 'பிஸ்மில்லாஹ்' மட்டும் சேர்த்து அடித்தார்கள். எங்கு பார்த்தாலும் குஸ்ரோ காசு கிடைப்பது இதனால்தான்.

"கிரீடத்தைப் பார்த்தாலே தெரியுமே" என்று இங்கே சிலர் வருவார்கள். சாசானிய அரசர்களுக்கு ஆளுக்கொரு கிரீடம், எனக்கும் தெரியும் ஐயா. ஆனால் அப்பா, மகள் இருவர் கிரீடத்திலும் இறக்கை உண்டு. தேய்ந்த காசை வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

பழசு என்றால் அரிது என்றும் நினைக்காதீர்கள். வில்லோடு ஓடும் அரசன் உருவம் பதித்த சிக்லோஸ் வெள்ளிக் காசு, சாசானியர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்த பாரசீக அரசர் முதலாம் டேரியஸ் தொடங்கிவைத்தது. போரானுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் மூத்தது. ஆனாலும் சுலபமாகக் கிடைக்கும், அதில் அரசன் பெயர்கூட இருக்காது.

உங்கள் காசின் பின்பக்கத்தை, வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.