குப்பைக்கூடையை வைத்தே சமூக அறிவியல் நடத்தலாமா?

கேள்வி: பர்கூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மறுசுழற்சி பற்றி ஏதாவது செய்து காட்டச் சொல்கிறார்கள். பாட்டில் பொம்மை, காகிதப் பூ எல்லாம் செய்து அலுத்துவிட்டது. பாட நேரமும் போகிறது. ஊர்க்காரர்களையும் சேர்த்து, பாடத்தோடு ஒட்டிப் போகிற மாதிரி செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. பாட்டில் பொம்மையை முதலில் விட்டுவிடுங்கள். நான்கு நாள் ஜன்னலில் நின்றுவிட்டு அதுவும் குப்பைக்குத்தான் போகப் போகிறது. குப்பையையே பாடமாக எடுத்தால் தனி நேரம் தேட வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலேயே, தொல்லியல் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னால் போகிறது என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பழைய குடியிருப்புகளைத் தோண்டினால் பெரும்பாலும் கிடைப்பது உடைந்த பானை ஓடு, எலும்பு, கரி. அந்தக் காலத்தார் வேண்டாமென்று போட்டவை. இதைச் சொல்லிவிட்டு வகுப்புக் கூடையை ஒரு வாரம் கொட்டாமல் வையுங்கள். (சாப்பாட்டு மிச்சம் மட்டும் அன்றன்றே போய்விட வேண்டும், இல்லையென்றால் எறும்பு தாங்காது.) வெள்ளிக்கிழமை பழைய ஃபிளெக்ஸ் ஒன்றை விரித்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். அடியில் கிடப்பது திங்கட்கிழமை. நடுவில் ஓரிடத்தில் ஒரே மாதிரி சாக்லேட் உறை இருபது சேர்ந்து வந்தால், அன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மண்ணடுக்கை வைத்துக் காலம் சொல்வதும் இதே கணக்குதான். ஆதாரம் காட்ட முடியாத ஊகத்தை மட்டும் கரும்பலகையில் ஏற்றாதீர்கள்.

அப்புறம் ஊர். ஊர்க்காரர்கள் என்றாலே நமக்கு ஆண்டுவிழா மேடையும் சால்வையும்தான். அதற்குப் பதில் பாட்டிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கேட்க விடுங்கள்: எண்ணெய் எதில் வாங்கி வருவீர்கள், விசேஷத்துக்கு எந்த இலை, ஓட்டையான குண்டானை என்ன செய்வீர்கள்? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வியாபாரி கதை எப்படியும் வந்துவிடும். பண்டமாற்று பற்றி அதைவிட நல்ல பாடம் கிடையாது.

பழைய இரும்புக் கடைக்காரரைத் தராசோடு வரச் சொல்லுங்கள். அட்டை, தண்ணீர் பாட்டில், அலுமினியம் எல்லாவற்றுக்கும் விலை சொல்பவர், சிப்ஸ் உறையை நீட்டினால் வேண்டாம் என்பார். ஏன் என்று அவரிடமே கேட்கட்டும். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்கு இங்கே தடை இருப்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். ஊராட்சியின் தூய்மைக் காவலரையும் அழையுங்கள். மற்ற விருந்தினருக்குப் போடும் அதே நாற்காலி, அதே டீ.

ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் வளாகத்தில் மாங்கொட்டைக்குப் பஞ்சமிருக்காது. சந்தூர், போச்சம்பள்ளி பக்கத்து நர்சரிகளில் கொட்டையை விதைத்து வரும் கன்றில்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டுக் கட்டத் தெரிந்த பெற்றோர் யாராவது நிச்சயம் இருப்பார். கத்தியும் பிளாஸ்டிக் நாடாவுமாக அவர் வந்து உட்கார்ந்தால் அன்றைய வகுப்பு அவருடையது. ஆனால் கொட்டைக்கு முளைக்கும் திறன் சில வாரங்களில் போய்விடும். சேர்த்து வைத்துச் சுதந்திர தின விழாவில் நடலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று: பெருக்குவதும் குப்பை பிரிப்பதும் எப்போதும் அதே பிள்ளைகள் தலையில் விழக்கூடாது. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து வேலை கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. வருகைப்பதிவு வரிசையில் முறை வையுங்கள், கடைசிப் பெயராக உங்கள் பெயரையும் சேருங்கள். தெருக் குப்பையைப் பொறுக்க அனுப்பவே வேண்டாம்; கண்ணாடிச் சில்லும் ஊசியும் கிடக்கும்.

எடைக்குப் போட்டு வரும் காசு நூறோ இருநூறோதான் தேறும். அதைப் பிள்ளைகளே நோட்டில் வரவு வைத்து, என்ன வாங்கலாம் என்று கைதூக்கி முடிவு செய்து, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டட்டும்.