லினன் விரிப்பும் அம்மாவின் குளிசையும்

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 64 வயது. ஒன்பது வருடமாக மூட்டுகளை வீங்கி நோகச் செய்யும் முடக்குவாதம். கிழமைக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் குளிசையும், அதன் தொல்லையைக் குறைக்க இடையில் போலிக் அசிட்டும் எடுத்துக்கொண்டிருந்தா. இரண்டு மாதத்துக்கு முன் கனடாவிலிருந்து பெரியம்மா வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினா. மனித உடம்புக்கு ஓர் அதிர்வெண் இருக்கிறதாம், வருத்தம் வந்தால் அது இறங்குமாம். பருத்திக்கு 100 ஹெர்ட்ஸ், சுத்தமான லினனுக்கு 5000 ஹெர்ட்ஸ். லினனில் படுத்தெழும்பினால் நாள்பட்ட வருத்தமெல்லாம் தானாக மாறுமாம். ஆனால் கம்பளியும் லினனும் ஒன்றாக உடம்பில் படக்கூடாதாம், ஒன்றின் சக்தியை மற்றது அழித்துவிடுமாம்.

அம்மா லினன் விரிப்பு, தலையணை உறை, இரண்டு சட்டை எல்லாம் வாங்கிவிட்டா. காசு போனால் போகட்டும். நாலு கிழமையாகக் குளிசையே போடவில்லை என்பது போன ஞாயிறுதான் தெரிந்தது. இதில் பெரிய சிக்கல், அம்மா இப்போது நன்றாக இருக்கிறா. ஓங்காளம் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறா. நான் சத்தம் போட்டதற்கு, உங்கள் அம்மம்மாவின் ஒத்தடத்தைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையை எடுத்துக் காட்டி, "படிச்ச பிள்ளையே துணியால சுகம் வரும் எண்டு எழுதியிருக்கு" என்கிறா. நான் என்ன பதில் சொல்ல?

த., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை வாசித்த இரவே தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தேன். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. போய்விட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிம்மதியாக இருக்கிறது. பொதுவில் பதில் எழுதலாம் என்று நீங்கள் சொன்னதால் இப்போது விரிவாக எழுதுகிறேன். என் எழுத்தையே சாட்சிக்கு வைத்து ஒரு தாய் மருந்தை நிறுத்தியிருக்கிறா. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

முதலில், அம்மா ஏன் நன்றாக இருக்கிறா என்பது. அவ பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்திருக்கும். மெத்தோட்ரெக்சேட் மெதுவாக வேலை செய்கிற மருந்து. தொடங்கிய பிறகு பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை பிடிக்கும். அதேபோல நிறுத்தினாலும் அடுத்த நாளே பலன் போய்விடாது. பல கிழமை எடுத்து மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஆனால் குளிசையால் வரும் ஓங்காளமும் சோர்வும் நிறுத்திய முதல் கிழமையிலேயே போய்விடும். அதாவது மருந்தின் தொல்லை முதலில் போகிறது, மருந்தின் நன்மை பிறகு போகிறது. இடையில் வருகிற அந்த நல்ல நாட்களில்தான் உங்கள் வீட்டுக் கட்டிலில் லினன் விரிந்திருக்கிறது. பெயர் அதற்குப் போய்விட்டது.

முடக்குவாதம் என்பது உடம்பின் காவல்படையே மூட்டுச் சவ்வைத் தாக்குகிற வருத்தம். நோவு இல்லாத நேரத்திலும் உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கலாம். அரித்துப்போன எலும்பும் கோணிப்போன விரலும் பிறகு எந்த மருந்தாலும் பழைய நிலைக்கு வருவதில்லை. நான் பயப்படுவது அந்த விரல்களுக்காகத்தான்.

சரி, அந்த 5000 ஹெர்ட்ஸ். இந்தக் கணக்கு பல வருடமாக உலகம் முழுக்கச் சுற்றுகிறது, இப்போது தமிழுக்கும் வந்துவிட்டது. ஹெர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற அளவு. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒரு பொருள் உண்மையில் 5000 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் அது கூர்மையான விசில் சத்தமாக நம் காதில் விழும். இது ஒலியில்லை, வேறு அலை என்று பெரியம்மா சொல்லக்கூடும். அப்படியானால் மடித்து வைத்த துணிக்கு அந்த அலையை உண்டாக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? மனித உடம்புக்கென்று ஒரேயோர் அதிர்வெண்ணும் கிடையாது. இதயத்துக்கு ஒரு துடிப்பு, மூச்சுக்கு வேறொரு வேகம், மூளையின் மின்னலைகளுக்குப் பலவிதம். லினனும் கம்பளியும் சேரக்கூடாது என்பது பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ள விதி. லேவியராகமத்திலும் உபாகமத்திலும் வருகிறது. மதக் கட்டளையாக அதை மதிக்கிறவர்களை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த வரிகளில் வருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஹெர்ட்ஸ் கணக்கைப் பிறகு வந்தவர்கள் அதன் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

லினன் நல்ல துணி என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆளிவிதை தருகிற அதே செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார் அது. சாதாரண ஈரப்பதத்தில் நூறு கிராம் லினன் நூல் ஏறத்தாழ 12 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்தி எட்டரைக் கிராம், பொலியெஸ்டர் அரைக் கிராமும் இல்லை. சித்திரை மாதம் கொழும்பில், காற்றே அசையாத இரவில், முதுகு நனைந்து நனைந்து எழும்புகிற ஒருவருக்கு லினன் விரிப்பு நல்ல நித்திரையைக் கொடுக்கும். நல்ல நித்திரை கொண்டவருக்கு அடுத்த நாள் நோவு குறைவாகவே தெரியும். அது உண்மையான சுகம். மூட்டின் அரிப்பை அது தொடுவதில்லை, அவ்வளவுதான்.

இனி என் அம்மம்மா. அந்தக் கட்டுரையில் நான் பாசத்தை எழுதினேன், விபரத்தை விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு கரிபிடித்த மண்சட்டி இருந்தது. சமையலுக்கு அதை எடுக்கமாட்டா. நொச்சி இலை, ஆமணக்கு இலை, ஒரு பிடி தவிடு, இரண்டு பிடி கல்லுப்பு. எல்லாவற்றையும் வெறுஞ்சட்டியில் வறுப்பா. உப்பு வெடிக்கத் தொடங்கினதும் இறக்கி, தாத்தாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டில் கொட்டி, நாலு மூலையையும் கூட்டி முறுக்கிச் சணல் கயிற்றால் கட்டுவா. அதுதான் பொட்டணம். புதுத் துணியைத் தொடவே மாட்டா. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சூடும் ஈரமும் சரியாக ஊறாது என்பா. நைலோன் கலந்த துணி என்றால் சட்டிச் சூட்டில் உருகி ஒட்டும். பத்து வருடம் துவைத்து மெலிந்த பருத்திதான் வேண்டும். பொட்டணத்தை முதலில் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்ப்பா. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணுவா. தன்னால் தாங்க முடிந்தால்தான் மற்றவரின் முழங்காலுக்கு அது போகும்.

இதில் துணி செய்கிற வேலையைப் பாருங்கள். சூட்டைச் சுமக்கிறது, இலையின் நீரைச் சுமக்கிறது, தோல் வெந்துவிடாமல் இடையில் நிற்கிறது. அம்மம்மா ஒருநாளும் வேட்டித் துண்டில் மருந்து இருக்கிறது என்று சொன்னதில்லை.

நமது சித்த மருத்துவமும் அப்படித்தான் துணியை வைத்திருக்கிறது. அதில் வெளி மருத்துவம் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் என்று நீளும் அந்தப் பட்டியலில் 'சீலை' என்றே ஒன்று உண்டு. மருந்தைத் துணியில் தோய்த்துப் புண்ணில் இடுவது. மருந்துப் பொடியைத் துணியில் சலித்து எடுப்பதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். மருந்தை நெருப்பில் சுட்டுப் புடம் போடுகிற அகலின் வாயைத் துணியும் மண்ணும் கொண்டு பூசி மூடினால் அது சீலைமண். இத்தனை இடத்தில் சீலை வருகிறது. ஓரிடத்திலாவது வெறுஞ்சீலை மருந்தாக வரவில்லை. அந்தக் குரல்பதிவு நம் முன்னோரின் அறிவு என்ற மாதிரிப் பரவுவதுதான் எனக்குக் கூடுதல் மனவருத்தம். நம் பரியாரிமார் துணியை எவ்வளவு கவனமாகக் கையாண்டார்கள் என்று தெரிந்தவர்கள் அதை அவர்கள் தலையில் கட்டமாட்டார்கள்.

துணியால் வருத்தக்காரருக்கு உண்மையில் உதவி கிடைத்ததைக் கொழும்பே கண்டிருக்கிறது. யானைக்கால் வருத்தம் மேல் மாகாணக் கரையோரத்தில் எவ்வளவு பேரை முடக்கியது என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டு, அது இனி இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு அந்தக் கால் இன்னும் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்தி, காலை உயர்த்தி வைத்து, பாதத்திலிருந்து மேல்நோக்கி இறுக்கமாகக் கட்டுத்துணி சுற்றினால் வீக்கம் கட்டுப்படும். அங்கே வேலை செய்வது அழுத்தம். பட்டுத் துணியையும் சோதித்திருக்கிறார்கள். எக்சிமா என்ற தோல் வருத்தம் உள்ள 300 பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்தோடு பட்டு உடுப்பும், மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து மட்டும் கொடுத்து ஆறு மாதம் பார்த்த ஆய்வு பிரித்தானியாவில் நடந்தது. 2017இல் முடிவு வந்தது. பட்டு அணிந்த பிள்ளைகளின் தோல் மற்றவர்களின் தோலைவிடக் குறிப்பிடும்படி தேறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுவரை எழுதாதது.

என் அம்மாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். ஒரு மழைக்கால இரவு, கால் குளிர்ந்து உளைகிறது என்றா. அம்மம்மாவின் கைமருந்து எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் உப்பை வறுத்துப் பொட்டணம் கட்டினேன். என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. முழங்காலுக்கு ஒற்றிவிட்டுப் பாதத்துக்கு வந்தேன். "சுடேல்லைப் பிள்ளை, கொஞ்சம் அப்பிடியே வை" என்றா. நான் பொட்டணத்தைப் பாதத்தில் சாத்தி, மேலே துவாயைச் சுற்றிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன். காலையில் உள்ளங்கால் ஓரத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். அவவுக்கு நோகவே இல்லை. சீனி வருத்தம் பாதத்து நரம்புகளை மழுக்கியிருந்தது, சுடுவது அவவுக்குத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேலானது. ஒன்றுவிட்ட ஒருநாள் ஓட்டோவில் ஏற்றி மருந்து கட்டக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டை அவிழ்க்கும்போது தாதி என்னைக் கேட்ட கேள்வி இதுதான்: "வைக்கிறதுக்கு முன்னம் அம்மாவுக்குக் காலில உணர்ச்சி இருக்கா எண்டு பாத்தனீங்களா?" நான் பார்க்கவில்லை.

அம்மம்மா எண்ணியதை நான் எண்ணினேன். ஆனால் அவ ஒற்றுகிற கையை எடுத்ததே இல்லை. வைத்து எடுப்பா, வைத்து எடுப்பா, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பா. அதை நான் படிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தக் கட்டுரையில் இதையும் சேர்த்து எழுதியிருந்தால் உங்கள் அம்மா அதை வேறு மாதிரி வாசித்திருப்பா. அதற்காக அவவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. விரிப்பைப் பறிக்க வேண்டாம், அதற்காகச் சண்டையும் வேண்டாம். அதில் படுக்கட்டும். ஒன்பது வருடம் ஓங்காளத்தோடு குளிசை விழுங்கிய ஒருவர், ஒரு வழி தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டது இயல்பு. அந்த ஓங்காளத்தைப் பற்றிக் கிளினிக்கில் எப்போதாவது வாய் திறந்து சொன்னாவா என்று கேளுங்கள். நம் அம்மாமார் டொக்டருக்கு முன்னால் "சுகமாயிருக்கிறன் ஐயா" என்றுதான் சொல்வார்கள். சொன்னால் அளவை மாற்றலாம், போலிக் அசிட்டைக் கூட்டலாம், ஊசியாகக் கொடுக்கலாம், வேறு மருந்துக்கும் போகலாம். விட்டுப்போன நாலு கிழமைக்காக இரண்டு மடங்காக எடுக்கவோ தினமும் எடுக்கவோ கூடவே கூடாது. இது கிழமைக்கு ஒருதடவை மட்டும் எடுக்கிற மருந்து, தினம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கலண்டரில் அந்த ஒரு நாளைச் சிவப்பால் வட்டமிட்டு வையுங்கள்.

நாட்டு வைத்தியமும் வேண்டும் என்று அம்மா கேட்டால் தடுக்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களும் பதிவு பெறுகிறார்கள். பொரளையில் தேசிய ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. பதிவுள்ள ஒருவரிடம் குளிசைகளின் பெயர் எழுதிய துண்டோடு போங்கள். உள்ளுக்குக் குடிக்கிற கஷாயம் ஏதாவது தந்தால், தொடங்குமுன் கிளினிக்கில் காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட் ஈரலைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்து, இரத்தப் பரிசோதனை அதற்காகத்தான். குளிசையை நிறுத்து என்று யார் முதல் நாளே சொன்னாலும், அவர் எந்த வைத்தியராக இருந்தாலும், எழும்பி வந்துவிடுங்கள்.

காலையில் விரல் மடங்காத அந்த முதல் மணித்தியாலத்துக்கு ஒத்தடம் நல்லது. மூட்டு சிவந்து கொதித்துக்கொண்டிருந்தால் மட்டும் சூடு வைக்க வேண்டாம். பொட்டணம் எல்லாம் கட்டத் தேவையில்லை. ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துண்டு. கையில் சுற்றிவிட்டுப் போய்விடாமல் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். தண்ணீர் ஆறும்வரை, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

அன்புடன்,
அக்கா