காப்பீட்டு அட்டையோடு சேலம் தனியார் மருத்துவமனைக்குப் போனால் பணம் கட்டுவது யார்?

ஏற்காட்டிலிருந்து அப்பாவை இதய அறுவை சிகிச்சைக்குச் சேலம் கொண்டுவருகிறீர்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, தனியாரில் செலவு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுடையது. உங்கள் குடும்பத்துக்கான பிரீமியத்தை மாநில அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிறது. நிறுவனம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே பேசிவைத்த தொகையை மருத்துவமனைக்குத் தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை.

சிக்கல் வருவது அனுமதியில்தான். மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் போதாது, இதயப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். எலும்புக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு வாசலில் பெரிய போர்டு வைத்திருப்பார்கள். ஆகவே அட்மிஷன் போடுமுன் காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். இது ரொக்கமில்லாத் திட்டம், கட்டியதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. சாதாரண வெளிநோயாளி செலவு, மருந்துக்கடை பில் இதில் சேராது.

ரேஷன் கார்டில் அப்பா பெயர் இருக்கிறதா, ஆதாரிலும் அதே எழுத்தா என்று இன்றே பாருங்கள். அட்டையே இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதியலாம்.

என்னைக் கேட்டால், முதலில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கேயும் அட்டையைக் கொடுங்கள்: காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கே போய்ச் சேரும், கருவி வாங்கப் பயன்படும். 'இலவசம்தானே, அட்டை எதற்கு' என்று பலர் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.