மழையில் நனைந்த பெசன்ட் கூடு: முட்டைகளை எடுக்கலாமா?

வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உங்கள் வீட்டுப் பின்புறப் புல்வெளியில் பெசன்ட் என்ற கோழி இனக் காட்டுப் பறவையின் 7 முட்டைகள் இருப்பதாகவும், மே மாத மழைக்குப் பிறகு பெட்டையைக் காணவில்லை என்றும் எழுதி, முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் (குஞ்சு பொரிக்கும் கருவியில்) வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் காட்டுப் பறவையின் முட்டையை எடுக்கவும் கூடாது.

பெட்டை கூட்டைக் கைவிட்டுவிட்டது என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். பத்துப் பன்னிரண்டு முட்டைகள் சேரும்வரை அது அடையில் உட்காராது. முட்டையிட்டுவிட்டு மேயப் போய்விடும். அதனால் முட்டை சில்லென்று இருப்பது இயல்புதான். உட்கார்ந்த பிறகு சுமார் 23 நாளில் குஞ்சு பொரியும். இந்தக் கூடு அழிந்தாலும் வேறிடத்தில் மறுபடி முட்டையிடும், எண்ணிக்கை மட்டும் குறையும். அடிக்கடி போய்ப் பார்க்காதீர்கள், உங்கள் தடத்தைப் பிடித்து நரியும் ரக்கூனும் வந்துவிடும்.

எனக்குக் கவலை ஜூன் மழைதான். பொரித்த புதிதில் குஞ்சுகளால் உடல் சூட்டைத் தாங்களே காக்க முடியாது. குளிரில் நனைந்தால் செத்துவிடும், பூச்சியும் கிடைக்காது. குளிர்காலப் பனிப்பொழிவு 31 அங்குலத்துக்குள்ளும், ஏப்ரல், மே மழை 8 அங்குலத்துக்குள்ளும் இருந்த ஆண்டுகளில்தான் அங்கே பெரும்பாலும் பெசன்ட் பெருகியிருக்கிறது.

வானிலை நம் கையில் இல்லை, புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது. அடையிலிருக்கும் பெட்டை கடைசி நொடிவரை எழாது, அப்படியே வெட்டுப்பட்டுவிடும். சாலையோரப் புல்லையே ஜூலை 15 வரை வெட்டக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. நீங்கள் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் வெட்டாமல் விடுங்கள்.