ரத்தக்கட்டி, ஸ்கேன், அப்புறம் தாத்தாவின் மாத்திரை

கே: என் 12 வயது நாய் நேற்றிலிருந்து தலையைச் சாய்த்துக்கொண்டு தள்ளாடுகிறது. எம்ஆர்ஐ எடுத்தால் மூளையில் ரத்தக்கட்டி தெரியுமா? (தெம்பனிஸ்)

ப: கட்டியைவிட, அதனால் ரத்தம் போகாமல் செத்த பகுதிதான் தெளிவாகத் தெரியும். ஆனால் கிழநாய்களின் தள்ளாட்டம் பலநேரம் உள்காதுச் சமநிலைக் கோளாறு. இரண்டு மூன்று நாளில் தேறத் தொடங்கும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். எம்ஆர்ஐ என்றால் முழு மயக்கம், மறக்காதீர்கள்.

கே: நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகம். எம்ஆர்ஐயா, சிடியா? (ஜூரோங்)

ப: சிடி.

கே: கழுத்தில் மைக்ரோசிப் இருக்கிறதே, எம்ஆர்ஐயின் காந்தம் பிடுங்கிவிடாதா? (செங்காங்)

ப: பிடுங்காது. உரிமம் எடுத்த நாய்க்கெல்லாம் சிப் உண்டு. படத்தில் அந்த இடம் மட்டும் கறுப்பாக அடைத்துக்கொள்ளும்.

கே: பின்னங்கால் இரண்டும் திடீரென்று விழுந்துவிட்டன. பக்கவாதம் என்று தாத்தாவின் ஆஸ்பிரினில் பாதி கொடுத்தோம். எம்ஆர்ஐ எடுக்கலாமா? (ஈசூன்)

ப: வயது எழுதவில்லை, எடை எழுதவில்லை, எப்போதிலிருந்து என்றும் எழுதவில்லை. மாத்திரை மேல் உள்ள பூச்சின் நிறத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஒருமுறையாவது இதே கதை எனக்கு வருகிறது.

பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று, நகத்தடி நீலம் பாரித்து, உள்தொடையில் நாடியும் இல்லையென்றால் பெருந்தமனியில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அதற்கு அல்ட்ராசவுண்டே போதும், உடனே ஓடுங்கள். பாதம் வெதுவெதுப்பாக இருந்தால் முதுகுத்தண்டைச் சந்தேகிப்போம். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கலாம், வட்டுக் குருத்தெலும்பின் துணுக்கு தண்டுவட ரத்தக்குழாயை அடைத்தும் இருக்கலாம். இரண்டுக்கும் எம்ஆர்ஐ நல்ல சாட்சி. ஆனால் இரண்டுமே ரத்தக்கட்டி இல்லை, ஆஸ்பிரினால் பயனில்லை. உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் அதுவே வினையாகும். அதோடு வட்டு வீக்கத்துக்கு நாங்கள் ஸ்டீராய்டு கொடுக்க நினைத்தால், ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றில் புண் வரும் என்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உண்மையிலேயே ரத்தக்கட்டி என்றாலும் நாய்க்கு அது பலநேரம் சும்மா வராது. சிறுநீரில் புரதம் கசிவது, குஷிங் நோய் (உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகுவது), புற்றுநோய் என்று பின்னால் ஏதாவது இருக்கலாம். சிறுநீர், ரத்தம், ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் ஆயிரக்கணக்கான வெள்ளி ஸ்கேன். அதற்கும் மயக்கம் உண்டு, மறுபடி சொல்கிறேன்.

கே: 12வது மாடியில் இருக்கிறோம். இதயப்புழு மருந்து தேவையா? (பொங்கோல்)

ப: தேவை. இதயப்புழுவைப் பரப்பும் கொசுவும் லிஃப்டில் வரும். புழு செத்தால் அதுவே நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும்.